பெரட்டு என்றோர் ஆங்கிலச் சொல்

தலவாக்கலைக்கு வந்த முதல் வாரத்தில், ஒரு மாணவன் வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், பிரின்சிபல் சேர் உங்ககிட்ட பேசணுமாம்" என்றான். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் இன்னொருவருக்குப் 'பேசினார்' என்றால் ஏசினார் என்றுதான் அர்த்தம். சாதாரணமாகச் சொல்வதெல்லாம் 'கதைப்பது'. வந்து ஐந்து நாளில் என்ன பிழை விட்டேன் என்று யோசித்தபடி படியேறினேன். அதிபரோ என்னை உட்காரச் சொல்லி, தங்கியிருக்கும் அறையில் குளிர் தாங்க முடிகிறதா, கம்பளி போதுமா என்று விசாரித்தார். அவர் பேச விரும்பியது அவ்வளவுதான்.

கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் எழுதிய அனுபவங்களை வாசித்து வளர்ந்தவள் நான். எனக்கு வாய்த்தது மலையகம். கடவுச்சீட்டு வேண்டாம், விமானம் வேண்டாம். நியமனக் கடிதமும் ஒரு சூட்கேஸும் போதும். அச்சுவேலியில் என்னை வழியனுப்பிய அக்கா, "மூண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்திட்டு ஓடி வா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டவுனுக்கு மேலே, தேயிலைக்கு நடுவே ஓர் ஆண்கள் பாடசாலை. ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் என்னுடையது. பதினொரு மணிக்கு மேல் மூடுபனி யன்னல் வழியாக உள்ளே வரும். பின்வரிசைக்குக் கரும்பலகை மறைந்துவிடும். பையன்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கமாட்டார்கள். கரும்பலகை மறுபடி தெரியும்வரை கைகளைத் தேய்த்துக்கொண்டு அமைதியாகக் காத்திருப்பார்கள்.

நான் வந்த இரண்டாம் வருடம் அந்த வகுப்பில் யோகராஜின் கையெழுத்துதான் முதன்மையானது. அச்சில் வார்த்தது போன்ற எழுத்து. ஒரு தவணை முழுக்க அவனுடைய கொப்பியில் 'வெரி குட்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் கணித ஆசிரியர் கரும்பலகையின் மூலையில் ஒரு கணக்கைப் போட்டு, கீழே 'அழிக்க வேண்டாம்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். மிகுதி இடத்தில் நான் ஆங்கிலப் பந்தியை எழுதினேன். யோகராஜ் பந்தியை எழுதி, அந்தக் கணக்கையும் எழுதி, கடைசியில் 'அழிக்க வேண்டாம்' என்பதையும் அழகாக எழுதிக் கோடிட்டிருந்தான். முதலில் சிரிப்பு வந்தது. "இதை ஏன் ராசா எழுதினனீ? வாசி பாப்பம்" என்றேன். அவன் நிலத்தைப் பார்த்தான். தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதையும் பார்த்துக்கொண்டு நின்றான். தன் பெயரைத் தவிர அவனால் எதையும் வாசிக்க முடியவில்லை. ஒன்பது வருடங்களாக அவன் எழுத்துக்களைப் படமாகக் கீறிக்கொண்டு இருந்திருக்கிறான். அதற்கு நான் 'வெரி குட்' போட்டிருக்கிறேன். அந்தச் சிவப்பு மையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவனுடைய தாயை வரச்சொல்லி அனுப்பினேன். மத்தியானம், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார். கைவிரல்களில் தேயிலைக் கறை. பெயர் லெட்சுமி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், பையன் எதுவும் சேட்டை பண்ணிட்டானா?"

"இல்லை அம்மா. அவன் நல்ல பிள்ளை. ஆனா அவனுக்கு வாசிக்கத் தெரியேல்லை."

அவருக்கு விளங்கவில்லை. "அவன் எழுத்து அச்சுமாதிரி இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்களே. பழைய கொப்பியெல்லாம் பொட்டியில வச்சிருக்கேன்" என்றார்.

"பாத்துக் கீறினது, அம்மா. என்ன எழுதியிருக்கெண்டு அவனுக்குத் தெரியாது."

விரல்களில் இருந்த கறையைச் சேலையில் துடைத்தார். பிறகு மெதுவாக, "கொழும்புல எங்கண்ணன் கடையில நிக்கிறாரு. வருசம் முடிஞ்சதும் இவனையும் அங்க அனுப்பிடலாம்னு இருக்கோம் டீச்சர். படிப்பு ஏறாதவன வச்சிக்கிட்டு என்ன செய்ய?" என்றார்.

"வருசம் முடியிறவரைக்கும் எனக்குத் தாங்கோ" என்றேன். எந்தத் துணிவில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வகுப்பில் தேடிப் பார்த்ததில் யோகராஜைப்போல இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் பதினொரு பேரையும் மறித்து வைத்தேன். தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் சேர்த்தே தொடங்கினோம். மூன்று வாரம் ஒன்றும் நகரவில்லை. ஆப்பிளும் எலிஃபண்டும் அவர்களுக்கு யாரோ ஒருவருடைய வீட்டுச் சாமான்கள். அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் அவர்களில் ஒருவன், காலையில் பிந்தி வந்ததற்குக் காரணம் சொன்னான்: "அம்மா பெரட்டுக்குப் போயிட்டாங்க டீச்சர். தம்பிய புள்ளக்காம்பராவுல வுட்டுட்டு வர நேரமாயிருச்சி." பிள்ளைக்காம்பரா என்றால் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று எனக்குத் தெரியும். மற்றச் சொல் புதிது. "பிரட்டோ? என்னத்தைப் பிரட்டப் போறவை?" என்று கேட்டுச் சிரித்தேன். யாரும் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை. யோகராஜ்தான் எழுந்து, "காலையில ஆளுங்கள்லாம் வரிசையா நிப்பாங்க டீச்சர். கண்டாக்கையா பேர் கூப்பிட்டு வேலை பிரிச்சுக் குடுப்பாரு. அதான் பெரட்டு" என்றான். அவன் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

வரிசையாக நிற்பது, பெயர் கூப்பிடுவது. பரேட். சோக்கட்டியை எடுத்து அந்த ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். பக்கத்தில் தமிழில் 'பெரட்டு'. அதற்குக் கீழே, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் 'கண்டக்டர்', பக்கத்தில் 'கண்டாக்கு'. அதற்குக் கீழே அவர்கள் குடியிருக்கும் 'லைன்', பக்கத்தில் 'லயம்'. ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சத்தமாகச் சொன்னோம். யோகராஜ் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எங்கம்மா இங்கிலீசா டீச்சர் பேசுறாங்க?" என்று கேட்டான்.

"ஓம். உங்கட அம்மாவும் அம்மம்மாவும் எப்பவோ தொடங்கிட்டினம்."

எனக்கு அன்றைக்கு என்னுடைய எட்டு வயது ஞாபகம் வந்தது. ஊரைவிட்டு இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். கொப்பியும் இல்லை, புத்தகமும் இல்லை. நிவாரண மாச்சாக்குகளை வெட்டி அப்பா மறைப்புக் கட்டியிருந்தார். அவற்றில் அச்சடித்திருந்த ஆங்கிலத்தைத்தான் நான் எழுத்துக்கூட்டிப் பழகினேன். எனக்கு முழுதாக வாசிக்க வந்த முதல் ஆங்கில வசனம் 'நொட் ஃபோர் சேல்'. கையருகே கிடந்த சொல்லில் இருந்துதான் நானே தொடங்கினேன். ஆசிரியையான பின் அதை எப்படி மறந்தேனோ.

அடுத்த நாளிலிருந்து அவர்கள்தான் சொற்களைக் கொண்டுவந்தார்கள். உரப்பையில் இருந்தவை, மருந்துப் போத்தலில் இருந்தவை, ஹட்டன் பஸ்ஸின் பின்புறம் இருந்தவை. ஒருவன் தொழிற்சாலைச் சுவரில் இருந்ததைக் கையில் எழுதிக்கொண்டு மழையில் ஓடிவந்தான், பாதி அழிந்துவிட்டது, மீதியை எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். அப்படிச் சேர்ந்ததையெல்லாம் ஒரு பெரிய கொப்பியில் யோகராஜ் எழுதினான். இப்போது என்ன எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியதால் அவனுடைய கை மெதுவாகிவிட்டது. எழுத்தும் முன்னைப்போல அழகாக இல்லை. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வருடக் கடைசியில் மேற்பார்வைக்கு ஆங்கிலப் பாட அதிகாரி ஒருவர் வந்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்வரிசையில் கையை உயர்த்திக்கொண்டிருக்க, அவர் தானாகவே பின்வரிசைக்குப் போய் யோகராஜின் முன்னால் புத்தகத்தை விரித்தார். நாங்கள் இன்னும் தொடாத பாடம். அதிபர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

அவன் எழுந்தான். வரிக்குக் கீழே விரலை வைத்தான். ஒரு சொல், பிறகு மூச்சு, பிறகு இன்னொரு சொல். இரண்டு வரி போக நீண்ட நேரம் பிடித்தது. நாலாவது வரியில் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "குட், குட். நெக்ஸ்ட்" என்று அடுத்தவன் பக்கம் திரும்பினார்.

யோகராஜ் உட்காரவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

"சேர், நொட் ஃபினிஷ்" என்றான்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். பிறகு பக்கத்து வாங்கிலில் உட்கார்ந்து, "ஓகே. ஃபினிஷ்" என்றார். மிச்ச ஆறு வரியையும் அவன் வாசித்தான். ஒரு சொல்லில் தடுக்கி, திரும்பப் போய்ச் சரிப்படுத்தி, முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்தான். மற்றப் பத்துப் பேரும் அவனோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்ததை நான்தான் கண்டேன். என் வாழ்க்கையில் பட்டமும் பரிசும் வாங்கியிருக்கிறேன். நெஞ்சு நிமிர்ந்தது அன்றைக்குத்தான்.

அவன் கொழும்புக்குப் போகவில்லை. இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறான். பதினொரு பேரில் இரண்டு பேர் இடையில் நின்றுவிட்டார்கள்; அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. மூன்று வருடம் முடிந்து இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் படிவம் வந்தபோது, அதை நிரப்பாமல் வைத்திருந்தேன். "உனக்கென்ன விசரோ?" என்று அக்கா தொலைபேசியில் ஏசினாள். அடுத்த வருடமும் நிரப்பவில்லை.

விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பொல்காவலையில் இறங்கி யாழ்ப்பாண ரயிலுக்குக் காத்திருப்பேன். மலையின் குளிருக்குப் போட்ட சுவெட்டருக்குள் அங்கே வியர்க்கும். கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். போன தடவை பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள அம்மா, "கமட்டத யன்னே?" என்று கேட்டார். ஊருக்கா போகிறாய் என்று அர்த்தம். ஓம் என்று தலையாட்டினேன். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வருகையில், அதே மேடையில், பதுளை ரயிலுக்காக நின்ற இன்னொருவரும் அதையே கேட்டார். சூட்கேஸைத் திறந்து சுவெட்டரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஓம் என்றேன்.