உளவாளி செய்யக் கூடாதது

ஞாயிற்றுக்கிழமை அத்தையின் கம்பெனிக்கு லீவு. மண்ணரையில் எங்கள் வீட்டில் அன்று மதியம் உளவாளிப் படம் ஓடும். அத்தை வாடகைக்கு எடுத்து வரும் அதே பழைய சிடிதான். அதில் தமிழ் பேசும் வெள்ளைக்கார உளவாளி மலையிலிருந்து குதித்தாலும் கோட்டில் ஒரு கசங்கல் விழாது. பனியன் கம்பெனியில் தைத்த துணியில் பழுது தேடும் செக்கிங் வேலை பார்க்கும் அத்தை அதைத்தான் வியப்பாள். எனக்குப் பிடித்தது வேறு. உயிரே போனாலும் தான் யார் என்பதை அவர் எதிரியிடம் சொல்லமாட்டார்.

அப்படியொரு ஞாயிறன்று அத்தையைப் பெண் பார்க்க உடுமலைப்பேட்டையிலிருந்து வந்தார்கள். அப்பா பாதிப் படத்தில் டிவியை அணைத்துவிட்டார். பட்டுப்புடவையோடு சமையலறையில் நின்ற அத்தை என்னை இழுத்து, "கண்ணு, அங்க போயி உக்காந்துக்க. கல்யாணத்துக்கப்புறம் என்னைய வேலைக்கு உடுவாங்களான்னு ஒட்டுக்கேட்டுட்டு வா" என்றாள்.

பிறவிப் பயனை அடைந்தேன். அப்பாவின் கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு மிக்சர் தட்டோடு கூடத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. நான்தான் யார் கண்ணிலும் படவில்லை என்று நம்பினேன்.

மாப்பிள்ளையின் அம்மா, "வேலைக்கெல்லாம் போவ வேண்டாமுங்க. ஊட்டோட இருந்தாப் போதுமுங்க" என்றார். அப்பா தலையாட்டினார். மாப்பிள்ளை என் கூலிங்கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அத்தையிடம் சந்தோஷமாகச் சொன்னேன். இனிக் காலையில் கம்பெனி வேனைப் பிடிக்க ஓட வேண்டாமே! படமாக இருந்தால் மேலதிகாரி கைகுலுக்கியிருப்பார். அத்தையோ ஆணியில் தொங்கிய கம்பெனி ஐடி கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பட்டுப்புடவை மேல் நீல நாடா தொங்க, காபித் தட்டோடு கூடத்துக்குப் போனாள்.

என் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை காபியை எடுக்காமல் கார்டில் இருந்த போட்டோவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரொம்ப வருசமாப் போறீங்களா?"

"படிப்ப முடிச்சதுலருந்துங்க. இனியும் போவனுங்க."

அவர் தன் அம்மா பக்கம் திரும்பி, "போவட்டும்மா" என்றார். பிறகு எந்தக் கம்பெனி, என்ன செக்‌ஷன் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம்! எதிரி கேட்ட மாத்திரத்தில் அத்தை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள், போதாக்குறைக்குச் சிரிக்கவும் செய்தாள். எங்கள் பக்கம் தோற்றுவிட்டது என்றே நினைத்தேன்.