ஊசி போட்டுக்கொண்ட சம்பந்திகள்

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி மைசூருக்கு வந்த பிறகு, குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடை போகும் எங்கள் கோஷ்டி இரண்டாக உடைந்தது. ஒரு ஊசி, குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல நடிக்கும். இன்னொன்று இரண்டைப் போல நடிக்கும். இரண்டுமே சர்க்கரையை இறக்கும், பசியைக் கொல்லும், எடையைக் குறைக்கும். ஜீவனும் பிரம்மமும் ஒன்றா இரண்டா என்று நூற்றாண்டுக் கணக்கில் தர்க்கம் செய்த பரம்பரைக்கு இது போதாதா? ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொப்பையைத் தடவியபடி பாஷ்யம் சொன்னார்கள். நான் இரு கட்சி வாதங்களையும் படித்து, எடை விஷயத்தில் இரண்டு சற்று முன்னே நிற்பதாகக் கண்டு, அந்த மதத்தைத் தழுவினேன். டாக்டரும் அதையே எழுதிக்கொடுத்தார் என்பது துணைக் காரணம்.

மருந்து வேலை செய்தது. புளியோகரையைக் கண்டால், பழைய மேலதிகாரியைக் கண்டதுபோல மரியாதையாக ஒதுங்கிப் போனேன். மகிழ்ந்த டாக்டர் அளவை ஏற்றினார். ஏற்றிய ஊசியைப் போட்டுக்கொண்ட மறுநாள் மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

பெண் பார்ப்பது என்பது ஒரு பேச்சுக்கு. அவர்கள் இருவரும் ஒரே ஆபீஸ். பார்க்கவேண்டியதையெல்லாம் எப்போதோ பார்த்தாகிவிட்டது. ஆனால் இரண்டு குடும்பமும் மேல்கோட்டைப் பக்கத்து வைஷ்ணவர்கள். சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்போம். சாப்பிட்டால் சம்மதம். இலையை ஒதுக்கினால் வேண்டாம் என்று அர்த்தம். வாய் திறக்க வேண்டியதில்லை. பெண்ணின் அப்பா இதிலெல்லாம் ரொம்பக் கறார் என்று மகன் முன்கூட்டியே எச்சரித்திருந்தான்.

காரில் மனைவி ஆரம்பித்தாள்.

"ஏன்னா, அங்க வந்து போதும் போதும்னு கையை நீட்டிண்டு உக்காராதேள். கொழந்தை வாழ்க்கை இது. ஊசியை ரெண்டு நாள் தள்ளிப் போட்டுண்டா என்னவாம்?"

"நாள் தவறக்கூடாதேன்னு..."

"கல்யாணநாள் தவறலாம், என் பொறந்தநாள் தவறலாம், இது மட்டும் தவறாது."

இலை போட்டார்கள். பெண்ணின் அப்பா உபசாரத்துக்காக என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நெய் வாசனை மூக்கில் ஏறியதும் என் வயிறு ராஜினாமாக் கடிதத்தை நீட்டியது. சாதத்தைப் பிசைந்தேன், கரை கட்டினேன், கரையை உடைத்தேன், மறுபடி கட்டினேன். ஓர் அணைக்கட்டுப் பொறியாளர் தோற்றுப்போவார். பக்கத்து இலையைப் பார்த்தேன். அங்கேயும் அதே கட்டுமானப் பணி! என்னோடு உட்கார்ந்து சாப்பிட இவருக்கு அப்படி என்ன இளக்காரம் என்று எனக்குக் கோபம் வந்தது. அவரோ என் இலையைப் பார்த்து முகம் கறுத்தார்.

"மாமாவுக்கு எங்காத்துச் சமையல் பிடிக்கலை போலிருக்கு" என்றார்.

மகன் முகத்தில் ரத்தமில்லை. அப்போது அந்தப் பெண் நேரே என் முன்னால் வந்து நின்றாள். கன்னடம்தான் அவளுக்குச் சுலபம். இருந்தும் எனக்காகத் தமிழில் முயன்றாள்.

"மாமா, ஊட்டா பேடான்னா, நானும் பேடாவா?" சாப்பாடு வேண்டாமென்றால் தானும் வேண்டாமா என்கிறாள்.

"ஐயோ, இல்லைடி கொழந்தே! இவர் வாராவாரம் ஊசி போட்டுக்கறார். பச்சைத் தண்ணியே எறங்கலை" என்று என் மனைவி குடும்ப ரகசியத்தை உடைத்தாள்.

பெண்ணின் அப்பா நிமிர்ந்தார். "எந்த ஊசி?"

"ரெண்டு ஹார்மோன்."

"நம்மளுது ஒண்ணு. ஆனா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு எப்பவோ நிரூபிச்சாச்சு. உங்களுது நேத்திக்கு வந்தது."

"எடை இறங்கறதுல எங்களோடதுதான் ஒசத்தி. எல்லாருக்கும் தெரியும்."

"இறங்கி என்ன பிரயோஜனம்? குமட்டல் ஜாஸ்தியாமே?"

"எனக்குக் குமட்டலா? துளிக்கூடக் கிடையாது."

"எனக்கும்தான். அஷ்டே, அவ்வளவுதான்!"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பிடித்துப்போன சம்பந்தம் மருந்துக் கடை வாசலில் முறிந்துவிடும்போல இருந்தது. பெண்ணின் அம்மா பாயசப் பாத்திரத்தோடு எங்கள் நடுவில் வந்து நின்றார். பாயசத்தை எங்களில் திருக்கண்ணமுது என்போம்.

"குமட்டலே இல்லைன்னேளே ரெண்டு பேரும். சாப்பிடுங்கோ, பாக்கலாம்."

கேட்காமலேயே இரண்டு கரண்டி, பெரிய கரண்டி, ஆளுக்கு விட்டார். பின்வாங்கினால் மகன் கல்யாணமும் போகும், நான் தழுவிய மதமும் போகும். குடித்தேன். அவரும் குடித்தார். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி, தோற்கக் கூடாத இரண்டு மல்லர்களைப் போலக் கடைசிச் சொட்டுவரை வழித்தோம். தாம்பூலம் மாற்றினார்கள். மகன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

ரிங் ரோடு தாண்டுவதற்குள் காரை நிறுத்தச் சொன்னேன். ஓர் இளநீர் வண்டிக்குப் பின்னால் குனிந்து திருக்கண்ணமுதைப் பூமாதேவிக்கே சமர்ப்பித்தேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மனைவி யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தியம்மாதான்" என்றாள் போனை வைத்துவிட்டு. "அவாத்து மாமா நாம கிளம்பினதுலேர்ந்து பாத்ரூமை விட்டு வெளியே வரலையாம். இனிமே தனியா ஜாதகப் பொருத்தம் வேற எதுக்குன்னு கேக்கறா."