மருமகளுக்குக் கண்ணு, மகளுக்கு ஏன்டி

எங்கள் அம்மா சித்தூரில் பிறந்து திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவர். ரேணிகுண்டாவில் ரயில் வேலை பார்த்த நைனாவை இளம் வயதிலேயே இழந்து, ரவிக்கை தைத்து என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். தைக்கக் கொடுக்க வந்த எவரும் அம்மாவிடம் சுடுசொல் கேட்டதில்லை. "நோரு மஞ்சிதைதே ஊரு மஞ்சிதி" என்று தெலுங்கில் சொல்வார். வாய் நல்லதானால் ஊரும் நல்லதாகும் என்று பொருள். அந்த நல்ல வாய் எனக்கு மட்டும் வாய்க்கவில்லை.

தம்பிக்குப் புத்தூரில் பெண் எடுத்தோம். வந்த வாரமே மருமகள் பாலைப் பொங்கவிட்டாள். அடுத்த தெருவிலிருந்து வந்து கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மேல் அம்மா பாய்ந்தார்.

"ஏன்டி, பாலை வெச்சிட்டு எங்கடி பராக்கு பாத்துக்கினு இருந்தே?"

மருமகளிடம், "நீ போய் உக்காரு கண்ணு" என்றார்.

"நானா பாலை வெச்சேன்?" என்று சண்டைக்குப் போனேன்.

"நெல்லைக் கொட்னா அள்ளிக்கலாம், சொல்லைக் கொட்னா அள்ள முடியுமாடி? அது வந்த பொண்ணு. நீ என் வயித்துல பொறந்தவ, தாங்கிக்குவே."

தாங்கவில்லை. குழம்பில் உப்பு கூடினாலும் கோலம் கோணினாலும் ஏச்சு எனக்கு, கண்ணு அவளுக்கு. என் அம்மாவின் இனிய சொல்லையெல்லாம் எவளோ வாரிக்கொண்டு போகிறாளே என்று வயிறு எரிந்தது.

அம்மா நோயில் படுத்த பிறகும் அப்படித்தான். மருமகள் கஞ்சியைப் படுக்கையில் சிந்தினாள். வாசற்படியில் நின்றிருந்த என்னைப் பார்த்து அம்மா முனகினார்: "கண்ணு பொடனிலயாடி இருக்குது உனக்கு?" என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

காரியம் முடிந்த அன்று, சமையலறையில் மருமகள் முந்தானையை வாயில் அடைத்து அழுதுகொண்டிருந்தாள். உனக்கென்ன குறை என்று கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கு என்னா அண்ணி, வாய் நெறைய திட்டு வாங்கிக்கினீங்க. என்னை ஒரு நாளும் ஏன்டின்னு கூப்டலியே. கடைசி வரைக்கும் வந்த பொண்ணாவே வெச்சிட்டாங்களே."

என் வயிற்றெரிச்சல் அவளிடமும் இருந்திருக்கிறது. கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. அம்மாவின் திட்டு முழுக்க என்னுடையது, பங்கு கிடையாது என்று ஒரு கர்வம். அப்புறம்தான் அழுகை வந்தது.

வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், சித்தூரிலிருந்து ஓடி வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இரவும் பகலும் அம்மாவைப் பார்த்துக்கொண்ட தன் மனைவிக்கும் இந்த நினைவஞ்சலியில் நன்றி எழுது என்று தம்பி சொன்னான். எழுத மாட்டேன். நன்றி வந்தவர்களுக்குச் சொல்வது.

ஏன்டி, அழுதது போதும். எழுந்து வந்து துன்னு.