வசந்தின் மொட்டையும் வராத லட்டும்

பேரணாம்பட்டில் வசந்தின் முடியைப் பார்த்துத்தான் மேகமே கறுக்கக் கற்றுக்கொண்டது என்பார்கள். அதில் பாதி பொய். ஆனால் பின்னாளில் அவனையே கட்டிக்கொண்ட பூர்ணிமா, ஷூ கம்பெனி பஸ்ஸில் வந்தபோது அந்த முடியைப் பார்த்தபடியே இறங்கும் இடத்தைத் தாண்டி இரண்டு ஊர் போய்விட்டது முழு உண்மை. அப்போதெல்லாம் அவன் பின்பையில் ஒரு சிவப்புச் சீப்பு இருக்கும். வக்கார் அகமதுவின் சலூனில் அவன் தலைக்கென்றே கத்தரியைச் சாணை பிடிப்பார்கள்.

பிறகு தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கென்று ஆரம்பித்த அபின் வகை மாத்திரை, வலி போன பின்னும் போகவில்லை. இரண்டு வருஷம். வேலையும் போயிற்று. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் இடுப்புவலி என்றே சொல்லிவைத்தான். தை மாதம் சிகிச்சைக்குப் போய் ஒரேயடியாக விட்டான். முடியைச் சோதித்து மருந்து இல்லையென்று வந்தால் பழைய வேலை உண்டு என்றார் மேனேஜர்.

நாலு மாதம் கழித்துப் பின்மண்டையில் ஒட்ட ஒரு கொத்து வெட்டி அனுப்பினார்கள். மருந்து இருக்கிறது என்று வந்தது.

பூர்ணிமா சண்டை போடவில்லை. காகிதத்தை அரிசி டப்பா மேல் வைத்தாள். "உண்மைய சொல்லு. மறுபடியும் முழுங்குனியா?"

"உம்மேல சத்தியமா இல்ல."

அந்த இரண்டு வருஷமும் இதே சத்தியத்தைத்தான் செய்திருந்தான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தலைமுடி எல்லாம் ஒன்றாக வளர்வதில்லை. சில முடிகள் மாதக்கணக்கில் வளராமல் சும்மா நிற்கும், பழைய மருந்து அவற்றில் அப்படியே இருக்கும். மழித்துவிட்டு, ஐந்து மாதம் கழித்துப் புதுமுடியைச் சோதிக்கலாம் என்றார். ஆட்டை எப்போதோ கடித்த உண்ணியின் தழும்பைத் தோலைத் தடவியே சொல்பவன் வசந்த், அவனுக்குப் புரிந்தது. மேனேஜரும் காத்திருக்க ஒப்புக்கொண்டார். பூர்ணிமா மட்டும் அந்தக் காகிதத்தை அரிசி டப்பா மேலிருந்து எடுக்கவில்லை.

"கை வரமாட்டேங்குது தோஸ்த்," என்ற வக்கார், கடைசியில் கண்ணாடியைத் திருப்பிவைத்துவிட்டுத்தான் மழித்தார்.

மொட்டையோடு வந்தவனைக் கண்டதும் தெருவே திருப்பதி என்று முடிவு கட்டியது. ஒருவர் மாற்றி ஒருவராக லட்டு கேட்டு வந்தார்கள். போகவில்லை என்று பூர்ணிமா சொன்னால், யார் செத்தது என்று பதறினார்கள். எதிர்வீட்டு ரங்கம்மாள் கிண்ணத்தோடே வந்து நின்றாள்.

"இன்னாடா வசந்து, ஒரு லட்டுக்கா இவ்ளோ பிசுநாறித்தனம்?"

ஒரு பொய் போதும், போய்விடுவாள். வசந்த் தலையைத் தடவிக்கொண்டான்.

"திருப்பதி இல்ல ஆயா. ரெண்டு வருசமா போதை மாத்திரை போட்டேன். இப்ப வுட்டுட்டேன். அது பழைய முடியில இருக்குதுன்னு எடுத்துட்டேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. தெருவுக்குத் தெரியக்கூடாதென்று அவன் சொன்ன பொய்களை எல்லாம் கூட இருந்து காத்தவள் பூர்ணிமா. அரிசி டப்பா மேலிருந்த அந்தப் பழைய காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, மருந்து இல்லையென்று முடிவு வந்தது. அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வேலைக்குக் கிளம்பியவனிடம் சிவப்புச் சீப்பை நீட்டினாள். வாருவதற்கு இரண்டு விரற்கடை முடிதான் இருந்தது. வெகுநேரம் வாரினான்.

ரங்கம்மாள் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. லட்டை இரண்டு பேரும் ஒளித்துவைத்துத் தின்றுவிட்டார்கள் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.