எண்ணெய் ஊறாத துணி

அந்த நீலத் துணியின் மேல் எண்ணெய்ச் சொட்டு உருண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவிலிருந்த மாங்காய் ஊறுகாயிலிருந்து விரல்நுனியில் எடுத்துச் செக்கிங் அக்கா அதைத் துணியில் வைத்திருந்தார். செங்கல்பட்டுக்கு வெளியே, சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான மழைச்சட்டைகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை எங்களுடையது. வரும் துணியைச் சோதித்துக் கையெழுத்திடுவது அவர் வேலை. நான் உற்பத்திப் பொறுப்பாளன். அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் அழைப்பார்கள்.

"தண்ணி நிக்கணும், சரி சார். எண்ணெயும் நிக்குதே, இன்னா இது?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாங்கள் கேட்டிருந்த மெழுகுப் பூச்சு தண்ணீரை மட்டும்தான் தடுக்கும். எண்ணெய் பட்டால் ஊறிவிடும். எண்ணெயையும் தள்ளி நிறுத்துவது பழைய ஃப்ளோரின் பூச்சு. மண்ணில் போனாலும் தண்ணீரில் போனாலும் அது எளிதில் சிதையாது. அது இல்லாத சட்டை என்று சொல்லித்தான் ஒவ்வொன்றிலும் அட்டை தொங்கவிட இருந்தோம். துணிக்காரர் பழையதையே பூசி அனுப்பியிருந்தார்.

புரிந்தும் நான் சொன்னது வேறு. "நம்ம டெஸ்ட் தண்ணிக்குத்தான்க்கா. அதுல பாஸ். மூணு வாரத்துல கன்டெய்னர் போவணும், கையெழுத்து போடுங்க."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "இது மக்காது, ஏரியில கலந்தா போவவே போவாதுன்னு டிரெய்னிங்ல சொன்னது நீங்கதானே சார்? நான் போட மாட்டேன். நீங்க வேணா போட்டுக்கோங்க."

நான் பேனாவை எடுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. கையெழுத்துக்கான கட்டத்தைக் கொஞ்ச நேரம் வெறித்துக்கொண்டிருந்தேன். பிறகு பேனாவை வைத்துவிட்டுத் துணிக்காரருக்குப் போன் செய்தேன். "பழசுதான் சார், இன்னும் நல்லா தாங்கும்" என்றார் கூசாமல். துணி மொத்தமும் திரும்பிப் போனது. தாமதத்துக்குக் காரணம் என் முடிவுதான் என்று முதலாளியிடம் சொன்னேன்.

புதுத் துணி வரும்வரை தையல் மிஷின்கள் சும்மா கிடந்தன. ஓவர்டைம் போன கோபமெல்லாம் கையெழுத்துப் போட மறுத்த அக்காவின் மேல் திரும்பியது. புதுப்பட்டினத்திலிருந்து வேனில் வரும் தையல்காரத் தோழி, தினமும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுபவர், வேறு மேசைக்குப் போய்விட்டார். புதுத் துணியில் தைத்த முதல் சட்டையைத் தண்ணீரில் சோதித்தபோது அரை மணி நேரத்தில் தோள் ஊறிப்போனது.

"இதுக்குத்தான் இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார் அந்தத் தோழி.

அக்கா அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஐப்பசி மழை பிடித்திருந்தது. பஸ்ஸில் வருகிறவர், தோளில் பை மாட்டிக்கொண்டு தம்பியின் சைக்கிளில் ஏழெட்டுக் கிலோமீட்டர் மிதித்து வரத் தொடங்கினார். எங்கே நனைந்தது என்று தினமும் நோட்டில் குறித்தார். இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது. ஒரு நாள்தான் லீவு. பத்தாம் நாள் என்னிடம் வந்தார்.

"துணி மேல குத்தம் இல்ல சார். பை வாரு உரசுற எடத்துல தையல் கீது. அது வழியாத்தான் தண்ணி எறங்குது. தையல பின்னால தள்ளுங்க."

தோளில் தையலே இல்லாமல் ஒரே துண்டாக வெட்டச் சொன்னேன். இன்று எங்கள் சட்டைகள் எல்லாமே அப்படித்தான் போகின்றன. அன்று அது வேலைக்காகுமா என்று யாருக்கும் தெரியாது.

மாற்றித் தைத்த சட்டையை அவர் போட்டுக்கொண்டு வந்த காலையில் காற்றோடு அடித்துப் பெய்தது. தலையிலும் காலிலும் தண்ணீர் சொட்ட உள்ளே வந்தவர், மிஷின்களுக்கு நடுவில் நின்று சட்டையைக் கழற்றினார். யாரும் அசையவில்லை. கடைசியில் அந்தத் தோழிதான் எழுந்து போனார். அக்காவின் ஒரு தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். மற்ற தோளையும் பார்த்தார்.

"காஞ்சிதான்டீ கீது" என்றார். பிறகு தன் முந்தானையை இழுத்து, அக்காவின் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.