தட்டுச் சத்தத்துக்கு வந்த கொக்கு

மேலகரத்தில் மிஸ்ரியா வீட்டுப் புறவாசலில் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்றதும் படித்துறையும் அரசமரமும் நினைக்க வேண்டாம். இரண்டு கட்டில் போடுகிற அளவுக்குத் தோண்டி, சிமெண்டு பூசி, ஒரு பக்கம் சரிவாக இறக்கிய பள்ளம், அவ்வளவுதான். அவள் கணவன் நாசர் போன லீவில் வந்தபோது கட்டியது. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற ஆண்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருவர் மாடிக்குப் புதுக் கைப்பிடி வைப்பார். இன்னொருவர் நன்றாக இருக்கிற குளியலறையை இடித்து மறுபடியும் கட்டுவார். நாசர் குளம் வெட்டினான்.

அவனுக்குத் தோகாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவர் வேலை. வண்டி ஓட்டாத நேரத்தில் தோட்டத்துக் குளத்து மீன்களுக்கு இரை போடுவதும் அவன் தலையில் விழுந்தது. எவர்சில்வர் தட்டில் கரண்டியால் டங் டங் என்று தட்டினால் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். அந்த வீட்டில் அவன் கூப்பிட்டு வருகிற உயிர்கள் அவை மட்டும்தான். மற்ற எல்லாரும் அவனைக் கூப்பிடுகிறவர்கள். அதே மாதிரி மீன் தன் வீட்டிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டான். தென்காசியில் கலர் மீன் கடையிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாகக் கெண்டைக் குஞ்சுகள் வாங்கிவந்து விட்டு, லீவு முடியும்வரை காலையும் மாலையும் தட்டைத் தட்டிப் பழக்கினான்.

புறப்படுகிற அன்று, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகும் வண்டி வாசலில் நிற்க, அவன் குளத்தடியில் நின்றான்.

"மிஸ்ரியா, அடுத்த லீவுக்கு நான் வரும்போது இந்த மீனு சாவாம நின்னுச்சுன்னு வையி, நானும் இங்கனயே நின்னுருதேன். கலர் மீன் பண்ணை போட்டுப் பொழச்சுக்கிடலாம்."

சொன்னவன் வண்டியேறிப் போய்விட்டான். கேட்டவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் வருவதும் போவதுமாகவே பாதி ஆயுள் கழிந்திருந்தது. மகள் பர்சானாவும் கல்யாணமாகிக் கடையநல்லூர் போய்விட்டாள். வீட்டில் இப்போது மிஸ்ரியாவும் மீன்களும்தான். மீன் நின்றால் புருஷன் நிற்பான். இவ்வளவு தெளிவாக அவளுக்கு இதுவரை யாரும் எதையும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நாசருக்கு ஓய்வு. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டு வீடியோவில் கூப்பிடுவான். "சாப்பிட்டியா" என்பதற்கு அடுத்த பேச்சு, "மீனைக் காட்டு." மிஸ்ரியா போனைக் குளத்துச் சுவரில் சாய்த்துவைத்துத் தட்டைத் தட்டுவாள். மீன்கள் திரண்டு வரும். அங்கே அவன் சிரிப்பது இங்கே கேட்கும். அவற்றில் நெற்றியில் மட்டும் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை மீன் ஒன்று எப்போதும் முதலில் வந்து தின்னும். அதற்கு நாசர் "முதலாளி" என்று பேர் வைத்திருந்தான்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய மாதத்தில் மீன்கள் குறைய ஆரம்பித்தன. பூனை வேலை என்று நினைத்து இரண்டு வாரம் பூனையை ஏசித் தீர்த்தாள். பிறகு ஒரு காலையில் பார்த்தால், குளத்துச் சரிவில் மண் நிறத்தில் ஒரு பறவை, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. குருட்டுக் கொக்கு. இதற்கு அப்படிப் பேர் வைத்தவருக்குத்தான் கண் தெரிந்திருக்காது. மிஸ்ரியா விளக்குமாற்றை எடுப்பதற்குள் ஒரு சிவப்புக் குஞ்சு அதன் தொண்டையில் இறங்கிவிட்டது. அது எழும்பிப் பறந்தபோதுதான் சிறகெல்லாம் வெள்ளை என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டுச் சந்தனமாரிக்கு வயல் வைத்திருந்த காலத்திலிருந்தே கொக்கோடு பழக்கம். அவள் வீட்டுக்காரர் சீசனில் அருவிக்கரைக்கு, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போய்விடுவார் என்பதால் பகலெல்லாம் அவளும் தனிதான். மதில் மேல் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"விளக்குமாத்த வச்சிக்கிட்டு எத்தன நாளு நிப்ப? கொக்கு தலையில வெண்ணெய் வச்சுப் பிடிக்கப் போறியா? வலையக் கட்டுட்டி."

வலை வாங்கிக் கட்டினாள். சாரல் காற்று சும்மா விடுமா? முருங்கை இலையும் பூவும் வந்து விழுந்து, ஈரத்தில் ஊறி, வலை தொட்டில் மாதிரி தண்ணீர் வரைக்கும் தொங்கியது. கொக்கு அந்தத் தொட்டிலில் ஏறி வசதியாக நின்றுகொண்டு, கண்ணி வழியாக அலகை விட்டு மீன் எடுத்தது. வலை விற்றவன்கூட இப்படி ஓர் உபயோகத்தை யோசித்திருக்க மாட்டான். ஒருநாள் வலையில் மீன்கொத்தி ஒன்று சிக்கிக்கொண்டு கத்த, சந்தனமாரி மதில் ஏறிக் குதித்து வந்து அரிவாளால் கண்ணியை அறுத்து விட்டாள். அத்தோடு வலை போயிற்று.

பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். சாரல் மாதத்தில் வெயில் ஏது, சிடி மின்னுவதற்கு? அடுத்து வைக்கோல் பொம்மை. நாசருடைய பழைய கட்டம் போட்ட சட்டையை மாட்டி, தொப்பி வைத்து, சரிவுப் பக்கம் நிறுத்தினாள். முதல் நாள் கொக்கு மதிலிலேயே இருந்தது. மறுநாள் பொம்மையின் தோளில் இருந்தது.

"ஒன் மாப்பிள்ளை சட்டைக்கு ஊருல அவ்வளவுதான் மரியாதை" என்றாள் சந்தனமாரி.

மிஸ்ரியா சிரித்தாள். வீட்டுக்குள் போனதும் அழுகை வந்தது. தண்ணீருக்குள் குனிந்து பார்த்தால் பாதிதான் மிச்சம். முதலாளி இன்னும் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் அது போய்விட்டால் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டுதான் போனை எடுத்தாள்.

உண்மை ஒரு செவ்வாய்க்கிழமை வெளிவந்தது. சாப்பிட்ட தட்டைக் குளத்தை ஒட்டிக் கிடந்த துவைக்கல்லில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒட்டிப்போன பருக்கையை உதிர்க்க, கரண்டியால் டங் டங் என்று இரண்டு தட்டுத் தட்டினாள். தலையைத் தூக்கினால் மதில் மேல் கொக்கு. எங்கோ தென்னைக்குள் இருந்த பறவை, சத்தம் கேட்டு வந்து, கழுத்தை நீட்டிக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தட்டைக் கீழே வைத்தாள். கொக்கு காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் வந்தது.

இத்தனை நாளும் அதை விருந்துக்குக் கூப்பிட்டதே அவள்தான். நாசர் பார்க்க வேண்டும் என்று மீன்களை மேலே வரவழைத்தாள். மேலே வந்த மீன்களை, அவள் போனோடு உள்ளே போனதும், கொக்கு பார்த்துக்கொண்டது.

"நீ மீனுக்குச் சோறுன்னு தட்டியிருக்க. அது தனக்குச் சோறுன்னு வந்திருக்கு" என்றாள் சந்தனமாரி. "அதச் சொல்லிக் குத்தமில்ல."

அன்றிலிருந்து மிஸ்ரியா மீன்களுக்குக் கற்றுக்கொடுத்ததை மறக்கடிக்க ஆரம்பித்தாள். கற்றுக்கொடுப்பதைவிட இது கஷ்டம். தட்டைத் தட்டுவாள், மீன்கள் வரும், உடனே விளக்குமாற்றால் தண்ணீரில் ஓங்கி ஓர் அடி. பயந்து அடியில் ஓடும். இரை கிடையாது. பிறகு வெகுநேரம் கழித்து, சத்தமில்லாமல், துவைக்கல் ஓரத்து நிழலில் கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பிசைந்த மாவைப் பிடித்துக்கொண்டிருப்பாள். முதலில் ஒன்றும் வரவில்லை. கை மரத்துப்போகும். ஒருநாள் முதலாளி வந்து விரல் நுனியைத் தொட்டது. அப்புறம் மற்றவை வந்தன. உடைந்த பானைகளைக் கவிழ்த்துப்போட்டு ஒளிய இடம் செய்தாள். கொக்கு இறங்குகிற சரிவில் தூண்டில் நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள். காலில் தட்டினால் கொக்குக்குப் பிடிக்காது என்பது சந்தனமாரியின் யோசனை. கொஞ்ச நாளில் தட்டுச் சத்தம் கேட்டதும் குளம் வெறும் தண்ணீராகிவிடும். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, அவள் அவ்வப்போது தட்டி அடித்துக்கொண்டே இருந்தாள். கொக்கும் தவறாமல் வந்து, பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு போகும். கொக்குக்கு ஒன்றே மதி என்று சும்மாவா சொன்னார்கள்.

இதில் ஒரு சங்கடம். வெள்ளிக்கிழமை நாசருக்குக் காட்ட மீன் மேலே வராது; கைக்கு வரவும் அப்போது வெகுநேரம் பிடிக்கும்.

"ஒண்ணையும் காணலையே?"

"அடியில கெடக்கு மச்சான்."

"தட்டு."

"இப்ப தட்டப்படாது. கொக்கு வருது."

"தட்டாம எப்படி வரும்?" என்றான். அடுத்த வாரமும் வெறும் தண்ணீர். அதற்கடுத்த வாரமும். அவன் குரலில் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாம் செத்துப்போய், மனைவி மறைக்கிறாள் என்று முடிவுகட்டினான். பிறகு மீனைப் பற்றிக் கேட்பதையே விட்டான். பேச்சும் சீக்கிரம் முடிந்துவிட்டது. மிஸ்ரியா அதையும் பொறுத்துக்கொண்டாள். வந்து பார்க்கட்டும், கண்ணால் பார்க்கட்டும் என்று இருந்தாள்.

வருடம் திரும்பி நாசர் வந்தான். பெட்டியை இறக்கிவைத்ததும் நேரே புறவாசலுக்குப் போனான். போகும் வழியிலேயே அடுப்படியிலிருந்து தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டான். மிஸ்ரியா "மச்சான், இருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் டங் டங் என்று தட்டிவிட்டான்.

குளத்தில் ஓர் அசைவு இல்லை. மதில் மேல் கொக்கு வந்து உட்கார்ந்தது.

நாசர் கொக்கைப் பார்த்தான். கொக்கு நாசரைப் பார்த்தது. "எல்லாத்தையும் இதுக்குத்தான் வளர்த்தியாக்கும்" என்றான்.

மிஸ்ரியா தட்டை வாங்கி வைத்தாள். கொக்கு போகும்வரை பொறுத்திருந்து, துவைக்கல் ஓரம் குத்தவைத்து, மாவோடு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். சற்று நேரத்தில் பானை இருட்டிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டு வந்தது. முதலாளி இப்போது அவள் முழங்கை நீளம் வளர்ந்திருந்தது. அதன் பின்னால் மற்றவை வந்தன. எல்லாம் அவள் கையைச் சுற்றிச் சத்தமில்லாமல் தின்றன.

நாசர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையையும் தண்ணீரில் விட்டான். மீன்கள் கலைந்து பானைக்குள் போய்விட்டன.

"ஒங்க கை அதுகளுக்குப் புதுசு" என்றாள். "பழகணும்."

அந்த லீவு முழுக்க அவன் காலையில் பல் தேய்த்ததும் வந்து உட்கார்ந்தான். சந்தனமாரி மதில் மேலிருந்து, "அண்ணாச்சி, மீனுக்குக் கைரேகை பாக்கேளா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். மிஸ்ரியா காத்திருந்தாள். பண்ணை, இடம், இன்னொரு தொட்டி என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரும் என்று காத்திருந்தாள். வந்தது எண்ணெய்ப் பலகாரம் எவ்வளவு கட்டலாம், பெட்டி எடை எவ்வளவு ஏற்பார்கள் என்ற பேச்சு. கடைசியில் அவளே கேட்டாள்.

"மச்சான், மீனு நின்னுச்சுன்னா நீங்களும் நின்னுருதேன்னு சொன்னீங்கள்லா?"

நாசர் நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே யோசித்தான்.

"அப்படியா சொன்னேன்? போற நேரத்துல ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பேன் மிஸ்ரியா."

அவள் மாவு பிசைகிற கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். அன்று அவளுக்கு வலித்த வலியை வலை, சிடி, பொம்மை எதுவும் தடுத்திருக்காது.

புறப்படுகிற காலையில் வண்டி வந்து நின்றபோது அவன் குளத்தடியில் இருந்தான். "மிஸ்ரியா, வா, இங்க வா, வந்துட்டு!" என்று கூவினான். முதலாளி அவன் உள்ளங்கையில் மாவு தின்றுகொண்டிருந்தது. அவள் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். "கைய எடுத்துராதீங்க" என்றாள். டிரைவர் ஹாரன் அடித்தான். நாசர் கையை எடுத்து, கைலியில் துடைத்துக்கொண்டு, சட்டை மாற்ற உள்ளே போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிட்டான். சாப்பிட்டியா என்றான், சாப்பிட்டேன் என்றாள்.

"மீனைக் காட்டு. முதலாளி என்னத் தேடுதானா?"

போனைக் குளத்துப் பக்கம் திருப்பினால் போதும். கையை விட்டால் வந்துவிடும், இப்போது தட்டக்கூடத் தேவையில்லை. மிஸ்ரியா திருப்பவில்லை.

"காட்ட மாட்டேன்."

"ஏன், கொக்கு வந்துட்டா?"

"கொக்கெல்லாம் வரல. மீனு நின்னுட்டு மச்சான்" என்றாள். "பாக்கணும்னா நீங்க வந்து பாத்துக்கிடுங்க."

அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் போனைத் துவைக்கல்லில் கவிழ்த்து வைத்துவிட்டு, மாவை எடுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.