லோர்னா இறக்கிய சுருதி

நாலாவது வரியில் பெயரை எழுதிய பிறகுதான் லோர்னா மேல்கோட்டைக் கழற்றுவாள். வீவர்ஸ் பப்பில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம், ஆளுக்கு இரண்டு பாட்டு. பப்பை நடத்தும் க்வென் ஆறே முக்காலுக்கு அட்டையில் ஒரு தாளைச் செருகி, பேனாவை நூலில் கட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பாள். வைத்த கை விலகுவதற்குள் லோர்னா வந்து நிற்பாள். மேலே மூன்று வரி காலியாகவே கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு நாலாவதில் எழுதுவாள்.

"மொத வரில எழுதறவன் வெறும் நாற்காலிக்குப் பாடணும். எட்டாவது வரில எழுதறவன் குடிச்சவனுக்குப் பாடணும். நாலுலதான், கண்ணு, ஆளும் இருக்கும், அறிவும் இருக்கும்" என்பாள்.

கண்ணு என்று அவள் கூப்பிடாத ஆள் கிடையாது. பஸ் ஓட்டுகிறவர், பாதிரியார், க்வென்னின் நாய், எல்லாரும் கண்ணுதான். இந்த யார்க்‌ஷயர் மண்ணில் அது எல்லார் வாயிலும் வருகிற வார்த்தை. என்ன, லோர்னா திட்டும்போது மட்டும் அது இரண்டு மடங்கு வரும்.

வயது அறுபத்தொன்று. குள்ளம். கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கும். கம்பளிச் சட்டையின் கழுத்துப் பட்டையில் எப்போதும் ஏழெட்டு குண்டூசி குத்தியிருக்கும், அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லப் போனவர்கள் ஒரு தடவையோடு திருந்திவிடுவார்கள். சந்தைத் தெருவில் துணி பிரித்துத் தைக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறாள். புதுத் துணி தைக்கமாட்டாள். நீளத்தைக் குறைப்பது, அகலத்தைக் கூட்டுவது, அவ்வளவுதான் தொழில்.

இந்த அகலத்தைக் கூட்டுவதில் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஜிப் மாற்ற வேண்டும் என்று கால்சட்டையைக் கொண்டுவருவார்கள். ஜிப்பை மாற்றிக் கொடுப்பாள், கேட்காமலேயே இடுப்பில் அரை இஞ்ச் பிரித்தும் விட்டிருப்பாள். அதற்குக் கூலி வாங்கமாட்டாள், வாயைத் திறந்து சொல்லவும் மாட்டாள். போட்டுப் பார்த்த ஆள், பரவாயில்லையே, கொஞ்சம் இளைத்திருக்கிறோம் போல என்று நிமிர்ந்து நடந்து போவான்.

"இடுப்பு பெருத்துப் போச்சுன்னு சொன்னா மனுஷன் திங்கறத நிறுத்தவா போறான்? வெளிய வர்றதத்தான் நிறுத்துவான்" என்பாள்.

நான் எப்படி அவளிடம் மாட்டினேன் என்றால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு என் கால்சட்டையையும் அவள் பிரித்துவிட்டாள். நான் அளந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். "கணக்கு வருதா உனக்கு? அப்ப தாளம் வரும்" என்று சொல்லித் தன் குழுவில் சேர்த்துக்கொண்டாள். அன்று முதல் பெட்டி தட்டுகிறேன். பெட்டி என்றால் மரப்பெட்டிதான், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு காலிடுக்கில் தட்டுவது. லோர்னா கிதார் வாசித்துக் கீழ்க்குரலில் துணைக்குப் பாடுவாள். முன்னால் நின்று பாடுவது அவள் புருஷன் ட்ரெவர். குழுவின் பெயர் 'மழைக்கு ஒதுங்கியவர்கள்'. ஒரு தடவை கால்நடைக் கண்காட்சியில் பாடக் கூப்பிட்டார்கள். அடுத்த கூடாரத்து ஆட்டுக்கிடாவுக்குப் பரிசு கிடைத்தது, எங்களுக்கு டீ கிடைத்தது. அதற்குமேல் எங்கள் புகழைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ட்ரெவர் வீடுகளில் வெந்நீர்க் கொதிகலன் பழுதுபார்க்கிறவன். இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்று பாடுவான். ஆனால் குரல் எங்கே போய் நிற்கும் தெரியுமா! அவனே கட்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் லோர்னாவைப் பார்க்க எங்கள் ஊர் இல்க்லிக்கு வந்துபோன காலத்தில், வேண்டுமென்றே கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, பொட்டல் மேட்டைத் தாண்டி எட்டு மைல் நடந்தே வீடு திரும்புவானாம். அதைப் பற்றிய பாட்டு. 'நடந்தே போவேன்' என்ற இடம் மூன்று முறை வரும். மூன்றாவது முறை குரல் உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கும். அந்த இடத்தில் பப்பில் ஒருவரும் கிளாஸைக் கீழே வைக்கமாட்டார்கள்.

போன செப்டம்பரில் அவன் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தான். பேச்சும் வந்தது. பாட்டுதான் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து லோர்னாவின் சமையலறையில் பாடிப் பார்த்தான். முதல் 'நடந்தே போவேன்'னிலேயே குரல் முறிந்தது. நான் பெட்டி மேல் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் கீழ எறக்கிப் பாடலாமே" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

"பாட்டு இருக்கற எடத்துல பாட முடிஞ்சா பாடுவேன். இல்லன்னா வேணாம்ப்பா. தழைச்சுப் பாடிக்கிட்டு, எல்லாரும் பாவம்னு கை தட்டறதுக்கு, நான் வீட்டுலயே கெடந்துடறேன்" என்றான். சொன்னபடியே கிடந்தான். வேலைக்குப் போவான், வருவான், தொலைக்காட்சியில் பாட்டு வந்தால் எழுந்து போய்விடுவான். வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு இருக்கிற ஆள் அவன். அது நின்றுபோனதில் வீடே காதடைத்த மாதிரி இருக்கிறது என்று லோர்னா சொன்னாள். அவள் இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

அப்போதும் செவ்வாய்க்கிழமை தவறாமல் பப்புக்கு வந்தாள். நாலாவது வரியில் எங்கள் குழுவின் பெயரை எழுதுவாள். ஏழரை மணிக்கு அவளே போய் அதை அடித்துவிட்டு வருவாள். "எதுக்கு இந்த வேல?" என்று க்வென் கேட்டதற்கு, "எடம் போட்டு வைக்கறேன் கண்ணு, உன் பேனா என்ன தேஞ்சா போயிடும் கண்ணு?" என்று பாய்ந்தாள்.

பிப்ரவரியில்தான் அந்த வேலையை ஆரம்பித்தாள்.

கேப்போ என்று ஒரு கிளிப் இருக்கிறது, கிதாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரித்த கட்டங்களில் ஒன்றைக் கவ்விக்கொள்ளும். உடம்பு பக்கம் ஒரு கட்டம் தள்ளினால் சுருதி ஒரு படி ஏறும். தலைப் பக்கம் தள்ளினால் ஒரு படி இறங்கும். விரல்கள் செய்கிற வேலை அதேதான். கிதார் தெரியாதவன் பார்த்தால் எதுவும் மாறியதாகவே தெரியாது. ட்ரெவருக்குக் கிதார் தெரியாது.

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாட்டுக்கு ஐந்தாம் கட்டம். தேனும் இஞ்சியும் குடித்து, ஆவி பிடித்து, இன்னொரு தடவை பாடிப் பார் என்று ட்ரெவரை நச்சரித்து உட்காரவைத்தாள். அன்று கிளிப் நாலாம் கட்டத்தில் இருந்தது. அவன் ஒரு வரி கூடுதலாகப் பாடினான். "பார்த்தியா, இஞ்சி!" என்றாள். மார்ச்சில் மூன்றாம் கட்டம், இன்னும் இரண்டு வரி. ஏப்ரலில் இரண்டு. மே மாதக் கடைசியில் கிளிப் முதல் கட்டத்தில் வந்து நின்றது, ட்ரெவர் முழுப் பாட்டையும் பாடி முடித்தான். உச்சியில் நிற்கும்போது அவன் கண் கலங்கிவிட்டது. "இஞ்சிதான் லோர்னா" என்றான். அவள் திரும்பி நின்று அடுப்பைத் துடைத்தாள், அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

பெட்டியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கிதாரின் கழுத்து நேர் கண்ணுக்கு வரும். நான் கையும் களவுமாகப் பார்த்துவிட்டேன். வாசல்வரை வழியனுப்ப வந்தவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். "வாயத் தொறந்த, பெட்டியோட சேத்து உன்னயும் ஆத்துல போட்டுடுவேன் கண்ணு. தெரிஞ்சா அவன் மறுபடியும் வாய மூடிக்குவான். அப்புறம் தொறக்கவே மாட்டான். எனக்கு அது தாங்காது." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது பொத்தானைத் திருகிப் பிய்த்தேவிட்டாள். பிறகு தைத்துக் கொடுத்தாள்.

ஜூன் இரண்டாவது செவ்வாய். நாலாவது வரியை அவள் அடிக்கவில்லை. பப்பில் உட்கார இடமில்லை, ட்ரெவர் பாடப்போகிறான் என்று ஊரெல்லாம் தெரிந்திருந்தது. அவன் கொதிகலன் சரிசெய்து கொடுத்த வீட்டுக்காரர்களே ஒரு மூலை முழுக்க இருந்தார்கள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. லோர்னா பதற்றம் வந்தால் தின்கிற வெங்காய சிப்ஸில் இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்தாள்.

மேடையேறி சுருதி சேர்க்கும்போது லோர்னாவின் கிதாரில் படார் என்று ஒரு தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி வீட்டில் இருந்தது. எங்களுக்கு முன்னால் பாடி இறங்கிய கால்நடை மருத்துவர் ஃபெர்கஸ், "இந்தாங்க, என்னுதை வாசிங்க" என்று தன் கிதாரை நீட்டினார். இந்த மாதிரி இரவல் எங்கள் கூட்டத்தில் சகஜம். அவர் மாட்டி வாசித்த கேப்போவைக் கழற்றாமலேயே கொடுத்தார். அதுவும் சகஜம். கேப்போ ஐந்தாம் கட்டத்தில் இருந்தது.

லோர்னாவின் கை நேராக அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் பழகின இடம். முகப்பு இசையை முதல் முறை வாசித்தபோதே எனக்குத் திக்கென்றது. இரண்டாவது முறை அவளுக்கும் புரிந்துவிட்டது, முகத்தில் ரத்தமே இல்லை. நிறுத்திக் கிளிப்பை இறக்கினால் ட்ரெவர் ஏன் என்று கேட்பான். இறக்காவிட்டால் குரல் முறியும். முகப்பு இசையையே மூன்றாம் முறை, நாலாம் முறை என்று சுற்றிச் சுற்றி வந்தாள். "பஸ் போயிடப் போகுது லோர்னா!" என்று கல்லாப் பக்கமிருந்து எவனோ கத்தினான். ட்ரெவர் சிரித்துக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டான்.

தாழ்ந்த குரலில் வருகிற ஆரம்ப வரிகள் ஓடிவிட்டன. முதல் 'நடந்தே போவேன்'னைக் கஷ்டப்பட்டுப் பிடித்தான். இரண்டாவது நடுங்கியது. மூன்றாவதில் குரல் துணி கிழிகிற மாதிரி கிழிந்து, காற்று மட்டும் வந்தது. அவன் நிறுத்தினான். நான் தட்டுவதை நிறுத்தினேன். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ட்ரெவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு கிதாரைப் பார்த்தான்.

"இந்தக் கிளிப்பு வீட்டுல இங்க இருக்காதே. அந்தக் கோடியில இல்ல இருக்கும்?" என்றான். மைக் முன்னால் நிற்பதையே மறந்துவிட்டான். அவன் கேட்டது கழிப்பறை வரைக்கும் கேட்டது.

நேராகக் கேட்டால் லோர்னாவுக்குப் பொய் சொல்ல வராது, சொல்லாமல் இருக்கத்தான் வரும். "ஆமா" என்றாள்.

"எறக்கிட்டே வந்தியா?"

"ஆமா."

"எத்தன?"

"நாலு."

"எனக்குக் கொரல் திரும்பிடுச்சுன்னு இல்ல நெனச்சேன்." அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "குளிக்கும்போதுகூடப் பாடினேனே லோர்னா."

"கேட்டேன்" என்றாள். "கதவுக்கு வெளிய மாடிப்படியிலயே உக்காந்து கேட்டேன். தெனமும். நீ கோவிச்சுக்கோ, திட்டு, என்ன வேணாப் பண்ணு. மறுபடியும் வாய மட்டும் மூடிக்காத ட்ரெவ்."

இதையும் மைக் பிடித்துக்கொண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. கல்லாவில் க்வென் தண்ணீர்க் குழாயை மூடினாள். கொதிகலன் மூலையிலிருந்து ஒரு பெரியவர், "நீ எந்தக் கட்டத்துல பாடினா எங்களுக்கு என்னப்பா? பஸ்ஸ விட்டுட்டு நிக்கறோம், வீட்டுக்கு நடக்க வெய்யி!" என்றார். அதற்குத்தான் பப்பு முழுக்கச் சிரித்தது. ட்ரெவர் சிரிக்கவில்லை. கதவை ஒரு தடவை பார்த்தான். போய்விடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். லோர்னாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், கிதாரை மடியிலிருந்து இறக்கப் போனாள்.

அவன் பாக்கெட்டிலிருந்து கைகளை வெளியே எடுத்தான். குனிந்து, கிதாரின் கழுத்தைத் தொட்டு, கிளிப்பை எப்படித் திறப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்து, ஒருவழியாகத் திறந்தான். தலைப் பக்கம் கொண்டுபோய் முதல் கட்டத்தில் மாட்டினான். கோணலாக, கட்டத்தின் கம்பி மேலேயே மாட்டினான்.

"இங்கதானே?"

"அங்கயேதான்" என்றாள் லோர்னா.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். கிளிப் கோணலானதில் அடித் தந்தி வண்டு மாதிரி இரைந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.